கிரேபிஷுக்குப் பேன் பார்த்தவர்

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் என் மாமியார் முன்னால் யாரும் குனியக் கூடாது. செருப்பு வார் அறுந்தால் அறுந்தபடியே இழுத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும். கீழே விழுந்த சாவியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். குனிந்தால் போச்சு. "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று ஒரு குரல் வரும். அதற்கு முன்பே பத்து விரல்களும் தலைக்குள் இறங்கியிருக்கும்.

ரிங்லெட் என்ற மலையூரிலிருந்து மேலே ஏறும் வழியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. வாரம் முழுக்கத் தேயிலை. ஞாயிற்றுக்கிழமை தலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முன்படிகளில் பெண்கள் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக உட்கார்ந்து, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்குப் பேன் பார்ப்பார்கள். பார்க்க ரயில் மாதிரி இருக்கும். மேல்படியில் என் மாமியார். அவர் தலையை யார் பார்ப்பது என்று யாரும் கேட்டதில்லை. எஞ்சினுக்குப் பின்னால் யார் போய் உட்காருவது?

அகப்பட்டதை இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து, வலது நகத்தால் ஓர் அழுத்து. டக். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். பேன் சீப்பு, மருந்து ஷாம்பு எல்லாவற்றின் மீதும் அவருக்குப் பெரிய அவநம்பிக்கை இருந்தது. "மருந்து போட்டா செத்துச்சா ஓடிருச்சான்னு யாருக்குத் தெரியும்? சத்தம் கேக்கணும்லா" என்பார்.

நான் அந்த நகங்களிடம் முதன்முதலில் மாட்டியது பெண் பார்க்கப் போன அன்று. அதே தோட்டத்து ஆலையில், தேயிலை சலிக்கும் பிரிவில் அப்போது எனக்கு வேலை. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அப்பா அம்மாவோடு போய்விட்டேன். அப்போது எனக்கு முடி இருந்தது. நம்பாதவர்களுக்குக் கல்யாணப் படம் காட்டுகிறேன். வடைத் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா என் எதிரில் நின்றார். தட்டு நகரவில்லை. அவர் கண் என் முகத்தில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருந்தது.

"தம்பி தப்பா நெனைக்கக் கூடாது. கொஞ்சம் குனிங்க."

குனிந்தேன். வேறு என்ன செய்வது? அப்பா வாயில் வைத்த வடையோடு அப்படியே நின்றுவிட்டார். என் மாமியாராகப் போகிறவர் எதையோ எடுத்தார், நகத்தில் வைத்தார், அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தேயில தூசி லா" என்றார் ஏமாற்றத்துடன். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "செல்வி! பேன் இல்ல. ஒனக்குப் புடிச்சிருந்தா சரின்னு சொல்லிடு."

இப்படியாக எனக்குக் கல்யாணம் ஆனது.

அந்தத் தேயிலைத் தூசி அவருக்குப் பிற்பாடு ரொம்பவும் பயன்பட்டது. நாலு பேர் நடுவில் ஒரு பெண்பிள்ளையின் தலையில் பேன் அகப்பட்டால், உரக்க, "ஒன்னும் இல்ல, தேயில தூசி" என்று சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளை நாலு எட்டு தள்ளிப் போனபின், முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையிலிருந்து டக் என்று கேட்கும். யாரையும் அவர் பேன் பிடித்தவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் எல்லாரும் அவர் முன்னால் தலையைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்து மேலாளரான துரையின் மனைவி வந்திருந்தார். குங்குமம் வாங்கத் தட்டுக்கு முன் குனிந்தார். பக்கத்தில் நின்ற என் மாமியாரின் கை தானாகவே போய்விட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு முகம் வெளுத்துப்போனது. மேளக்காரர்கூட ஓர் அடி விட்டுவிட்டார். என் மாமியார் நிதானமாக, "தேயில தூசிங்கம்மா, காத்துல பறந்து வந்துருக்கு" என்று சொல்லிக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அடுத்த வாரம் துரை வீட்டு டிரைவர் லயத்துக்கு வந்து, துரையம்மா தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று மாமியாரிடம் ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் தலைக்கு மட்டும் விடுதலை. மருமகன் தலையில் மாமியார் கை வைப்பது முறையில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் விரல்கள் முந்தானையைப் பிசையும். மகளைத் தூது அனுப்புவார்.

"செல்வி, மாப்ளக்கு காதுக்குப் பின்னால என்னமோ இருக்கு, பாரு."

"அது மச்சம்மா."

"மச்சம் நகருமா?"

"எங்க நகருது? அங்கேயேதான் இருக்கு."

"நேத்து அங்க இல்ல" என்று சொல்லிவிட்டு மனசில்லாமல் அடுப்பங்கரைக்குப் போவார்.

இப்படியே காலம் போயிருக்கும். எனக்குத்தான் கிரேபிஷ் ஆசை வந்தது. கிரேபிஷ் என்றால் ஆற்று இறால் மாதிரி உடம்பும் நண்டு மாதிரி கொடுக்குமாக நன்னீரில் வளரும் ஒரு பிராணி. மலைக்கு மேலே பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குளிருக்கு நடுவில் கொதிக்கும் சட்டியில் சுற்றுலாப் பயணிகள் எதைப் போட்டாலும் சாப்பிடுவார்கள். அதில் நான் வளர்த்த கிரேபிஷையும் போடட்டுமே என்று கணக்குப் போட்டேன். ரிங்லெட்டில் தக்காளி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு நண்பன் தன் பிளாஸ்டிக் கொட்டகையைக் கொடுத்தான். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். ஆலை வேலையை விட்டேன். தொட்டி, குழாய், தண்ணீரைச் சூடாக்கும் கருவி என்று கையிருப்பு முழுதும் அதற்குள் போனது. மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து குஞ்சுகளை வாங்கி வந்து விட்டேன்.

செல்வி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இது சரியா வரலைன்னா ஜொகூருக்குப் போயிடலாங்க." தெற்கே சமவெளியில் இருக்கும் ஜொகூரில் அவளுடைய பெரியப்பா மகன் எங்கள் இருவருக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து வைத்திருந்தான். நானும் சரி என்றேன். மாமியாரை அங்கே அழைத்துப் போவது நடக்காத காரியம். தாப்பா சாலையின் வளைவுகளில் பாதி இறங்குவதற்குள்ளேயே அவருக்கு வாந்தி வந்துவிடும். கீழே போனால் வெக்கையில் மயக்கம். ஒரே மகள். கணவர் போய்ப் பல வருடங்கள். நாங்கள் போனால் அவர் லயத்தில் தனியாகத்தான் இருக்க வேண்டும். இதை எங்களில் ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

பண்ணையைப் பார்க்க அவரை அழைத்துப் போனேன். நான் ஒரு கிரேபிஷை முதுகில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் எடை கேட்பார்கள், விலை கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

"இந்த நண்டுக்குத் தல எது மாப்ள?"

"நண்டு இல்ல அத்தே, கிரேபிஷ்."

"கொடுக்கு இருக்குல்ல, அப்ப நண்டுதான். தல எது?"

காட்டினேன். முந்தானையைச் செருகிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, மீசையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். ஏழெட்டுத் தலை பார்த்தபின் தீர்ப்புச் சொன்னார். "சுத்தமா இருக்கு." அன்று மாலையே தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளை வளர்க்கும் நண்டுக்கு ஒரு பேன் கிடையாது, நானே பார்த்தேன் என்று முருகன் கோயில் வாசல்வரை சொல்லிவிட்டு வந்திருந்தார். நண்டுக்கு ஏது பேன் என்று யாரும் கேட்கவில்லை. அவரே பார்த்துவிட்டார் என்றால் பிறகு என்ன?

கிரேபிஷ் வளர்ந்தன. பள்ளி விடுமுறை நெருங்கியது. பிரிஞ்சாங்கில் பெரிய ஸ்டீம்போட் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி ஒருவர், விடுமுறை முழுக்க எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி நேரில் பார்க்க வந்தார். அன்றைக்கென்று என் மாமியாரும் கொட்டகையில் இருந்தார். தவுக்கே ஒன்றைக் கையில் எடுத்தார். தலையைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பிப் போட்டு வயிற்றையும் வால் மடிப்பையும் பார்த்தார்.

"உலாட்!" என்று கத்தித் தொட்டிக்குள் போட்டுவிட்டார். மலாயில் புழு என்று அர்த்தம்.

நானும் எடுத்துப் பார்த்தேன். கொடுக்கின் உள்பக்கத்திலும் வாலடியிலும் வெள்ளை வெள்ளையாக, எள்ளைவிடச் சிறியதாக, ஒட்டிக்கொண்டு நெளிந்தன. ஒவ்வொன்றுக்கும் தலையில் விரல்கள்போலச் சில நீட்டல்கள். அவற்றை ஆட்டி ஆட்டி யாருக்கோ டாட்டா காட்டின. எனக்குத்தான் காட்டின என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே ஓட்டில் வரிசையாக முட்டைகள் ஒட்டியிருந்தன.

விடுமுறைக்கு முன்னால் இன்னொரு முறை வருவேன், அதற்குள் சுத்தமாக இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தவுக்கே லாரியில் ஏறினார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேன், ஈர் என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"தலையிலதான மாப்ள இருக்கும்? வால்ல இருக்கும்னு யாரு கண்டா" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. தான் பார்த்துச் சுத்தம் என்று சொன்ன இடத்திலிருந்து ஒருவர் பூச்சி எடுத்துவிட்டார். அன்று அவர் சோறு சாப்பிடவில்லை என்று செல்வி சொன்னாள்.

மீன்வளத் துறை அதிகாரிக்குக் கைப்பேசியில் படம் அனுப்பினேன். அவர் நல்ல மனிதர், உடனே கூப்பிட்டு விளக்கினார். இது ஒருவகைத் தட்டைப் புழு. ரத்தம் குடிக்காது. ஓட்டில் ஒட்டிக்கொண்டு, சிந்திச் சிதறுவதைத் தின்னும். கொஞ்சமாக இருந்தால் ஆபத்தில்லை. பெருகிவிட்டால் செவுளை அடைக்கும், பிராணி சோர்ந்துபோகும், வாங்குகிறவர்களும் அருவருப்பார்கள். உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் புழு செத்துவிடும். ஆனால் முட்டை அசையாது. கிரேபிஷ் ஓடு கழற்றும்போது முட்டையும் ஓட்டோடு போகும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் ஒவ்வொன்றாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதை மாமியாருக்குச் சொன்னேன். "ரத்தம் குடிக்காதாம் அத்தே. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குமாம்."

"சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கறததான் மொதல்ல எடுக்கணும்" என்றார். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

உப்பு என்றதும் எனக்குப் பயம் வந்தது. அளவு கூடினால் கிரேபிஷே போய்விடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். யோசித்துக்கொண்டே இரண்டு நாளைக் கழித்தேன். அவர் யோசிக்கவில்லை. "உப்பெல்லாம் எதுக்கு? கை இருக்குல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து கொட்டகை வாசலில் நின்றது. லயத்து ரயில் மொத்தமும் அதிலிருந்து இறங்கியது.

அந்த மதியத்தை நான் மறக்க மாட்டேன். ஆறு பெண்கள் கவிழ்த்துப்போட்ட காய்கறிக் கூடைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஈரக் கைலித் துணியில் சுற்றிய ஒரு கிரேபிஷ். கொடுக்குகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியாகிவிட்டது. கொண்டை ஊசி, பழைய பல்தூரிகை, நகம். வாயில் ஊர்க்கதை. மாமியார் நடுவில் நின்று மேற்பார்வை பார்க்கிறார்.

"ஏய், ஆடாம இரு! ஒனக்குத்தான் பாக்குறேன்" என்று ஒரு பெண் கிரேபிஷை அதட்டினார்.

"இது ரொம்ப ஒதறுதுக்கா. சின்னதுல எங்க மூத்தவ இப்படித்தான்."

"காதுக்குப் பின்னால பாத்தியா?"

"இதுக்கு ஏதுக்கா காது?"

நகத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். புழு வழுக்கியதே தவிர டக் என்று கேட்கவில்லை. மாமியாருக்கு அது பெருங்குறை. சத்தம் வராததால் பழைய வழக்கப்படி செய்தார்கள். எடுத்த பேனைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டால் மூழ்கிச் சாகும். காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். ஆளுக்கொரு கிண்ணம். தொட்டித் தண்ணீரையே மொண்டு வைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் எல்லாக் கிரேபிஷும் பளபளவென்று தொட்டிக்குத் திரும்பின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வரக் கடைக்குப் போனேன். நான் திரும்பியபோது கிண்ணங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அடடா, எவ்வளவு சுத்தம் என்று அப்போதும் மகிழ்ந்தேன்.

அடுத்த நாள் காலை போய்ப் பார்க்கிறேன், கொடுக்குகளில் அதே வெள்ளைப் புழுக்கள். முன்னைவிடச் சுறுசுறுப்பாக டாட்டா காட்டுகின்றன. சாயங்காலம் வேலை முடிந்து மாமியார் வந்ததும் கேட்டேன்.

"கிண்ணத்துல இருந்த தண்ணிய எங்க ஊத்துனீங்க அத்தே?"

"தொட்டிலதான். நீங்கதான சொன்னீங்க, பக்குவப்படுத்துன தண்ணி, ஒரு சொட்டுகூட வீணாக்கக் கூடாதுன்னு."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

"புழு?"

"அதான் தண்ணில முக்கிச் சாவடிச்சாச்சே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தண்ணீருக்குள் பிறந்து தண்ணீருக்குள் வாழ்கிறதைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்திருக்கிறோம் என்பது அவர் முகத்தில் மெதுவாக ஏறியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மதியம் முழுக்கச் சிரமப்பட்டு ஆறு பெண்கள் புழுக்களுக்குக் குளிக்க இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் எதிரிலேயே நான் ஜொகூருக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை. களைத்துப்போயிருந்தேன்.

மாமியார் வெளியே போய் நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து என் எதிரில் வைத்தார். தேயிலைக் காட்டில் காலில் ஏறும் அட்டைக்குத் தொட்டு வைக்க அவர் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் உப்பு.

"ஜொகூர்ல செல்விக்கு யாரு மாப்ள தல பாப்பா?" என்றார்.

போக வேண்டாம் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. நான் உப்புப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மீன்வளத் துறை அதிகாரியிடம் அளவை மறுபடியும் கேட்டுக்கொண்டு, கடையிலிருந்து கல்லுப்பு வாங்கி வந்து, பெரிய நீலத் தொட்டியில் கரைத்தோம். முதலில் ஒரே ஒரு கிரேபிஷை விட்டுப் பார்த்தோம். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். மாமியார் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். புழுக்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டு உதிர்ந்தன. என் கைப்பேசி மணி அடித்ததும், அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பியதும் ஒரே சமயம். அதற்குப் பிறகு கைப்பேசியை யாரும் பார்க்கவில்லை. ஒரு தொகுதிக்கு ஒரு வெற்றிலை. மாலைக்குள் அவர் வாய் சிவந்து வீங்கிப்போனது.

தொட்டியை வடித்து, தேய்த்து, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினோம். அடுத்த சில நாள்களில் வேலை முடிந்து வந்த ரயில் மறுபடியும் கூடைகளில் உட்கார்ந்தது. இந்த முறை ஈர் மட்டும். அதாவது முட்டை. பல்தூரிகைக்கு அசையாததை நகத்தால் நெம்பினார்கள். கிண்ணத்துக்குத் தடை. ஈயத் தட்டில் காய்ந்த உப்பைப் பரப்பி அதில் போட வேண்டும் என்று மாமியார் உத்தரவு. யாராவது தண்ணீர் குடிக்கக் கிண்ணத்தைத் தொட்டால்கூட அதட்டினார். கடைசியில் ஒவ்வொரு கிரேபிஷையும் தானே கையில் வாங்கித் தலையைப் பார்த்து, திருப்பிப் போட்டு வாலையும் பார்த்துத்தான் தொட்டியில் விட்டார்.

தவுக்கே வந்தார். செல்வி வாசலிலேயே நின்றுகொண்டாள். மாமியார் தொட்டிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தவுக்கே ஒரு கிரேபிஷைத் திருப்பினார். வாலைப் பார்த்தார். கொடுக்கைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தொட்டிக்கு மேல் நன்றாகக் குனிந்தார்.

என் மாமியாருக்கு நேர் எதிரில் குனிந்தார்.

வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கை போய்விட்டது.

தவுக்கே திடுக்கிட்டு, "அப்பா நீ?" என்றார். என்ன இது என்று மலாயில் கேட்கிறார்.

"டியாம், தவுக்கே. ஜாங்ஙான் கெராக்" என்றார் மாமியார். சும்மா இரு, அசையாதே.

என்ன ஆச்சரியம், அவர் அசையவில்லை. கையில் கிரேபிஷோடு, குனிந்தபடியே நின்றார். மாமியாரின் விரல்கள் அந்தச் சாயம் பூசிய முடியைப் பிரித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றன. எதையோ எடுத்தன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் ஒன்றையொன்று நெருங்கின. அந்த டக் மட்டும் கேட்டுவிட்டால் ஆர்டர் போச்சு, கொட்டகை போச்சு, அடுத்த மாதம் ஜொகூர்.

நகங்கள் நின்றன. கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது.

"ஹாபோக் தே, தவுக்கே" என்றார் மாமியார். தேயிலைத் தூசி.

தவுக்கே நிமிர்ந்தார். ஒருமுறை தலையைத் தடவிக்கொண்டார். தேயிலைக் காட்டுப் பக்கமே போகாத மனிதர் அவர். அவர் கடையில் கொடுப்பது சீனத் தேநீர். ஆனாலும், "ஓ, தே" என்று தலையாட்டிவிட்டு, கிரேபிஷை என்னிடம் நீட்டி, "பெர்சிஹ்" என்றார். சுத்தம். நாளையிலிருந்து லாரி அனுப்புவதாகச் சொன்னார்.

அவர் லாரி வளைவு திரும்பும்வரை மாமியார் அசையாமல் நின்றார். சத்தம் அடங்கியதும் கையை முன்னால் கொண்டுவந்தார். டக்.

"இருந்துச்சா அத்தே?" என்றேன்.

"பெருசு" என்றார். பிறகு, "பாவம், வீட்ல பேரப்புள்ளைங்க இருக்கும் மாப்ள. பள்ளிக்கூடத்துலேர்ந்து கொண்டு வந்துருக்கும். தலையோட தல வச்சுக் கொஞ்சுனாத்தான இது வரும்? நல்ல மனுசன்" என்றார். அன்றிரவு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஜொகூருக்கு மறுபடி போன் போட்டு, வரவில்லை என்றேன். இன்றைக்கும் ரிங்லெட்டில்தான் இருக்கிறோம். கிரேபிஷ் நன்றாகத்தான் போகிறது. அவ்வப்போது புழு வரும். உப்பும் வெற்றிலையும் நகமும் தயாராக இருக்கின்றன.

மாமியார் ஓய்வுபெற்றதும் எங்களோடு வந்துவிட்டார். கண்ணில் புரை விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பார்க்க முடியாவிட்டால் என்ன, தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்பார். உண்மையில் கண்டுபிடிக்கவும் செய்தார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவர்மேல் இவ்வளவு பாசம் இருந்தது அவர் படுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கடைசி வாரத்தில் ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, தப்பா நெனைக்கக் கூடாது. கொஞ்சம் குனிங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். பெண் பார்க்கப் போன நாளுக்குப் பிறகு அந்தக் கை என் தலையைத் தொட்டது அப்போதுதான். தலையில் இப்போது முடி என்று சொல்ல அதிகமில்லை. உச்சியில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் வகிடு எடுத்து, ஒதுக்கி, தடவி, மெதுவாகத் தேடினார். செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இனிமே நீங்க செல்விய கூட்டிக்கிட்டு எங்க வேணும்னாலும் போலாம்."

கையை எடுக்கப்போனார்.

"காதுக்குப் பின்னால பாருங்கத்தே" என்றேன். "அந்த மச்சம் நேத்து அங்க இல்ல."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.